முதலாளி பாதியாக்கிவிடுவார்

கோபிசெட்டிபாளையத்து ஆர்டரை எப்போது ஆரம்பிக்க வேண்டும் என்று கேட்டதற்கு, கம்ப்யூட்டர் ஜூன் முப்பதாம் தேதி என்று பதில் சொன்னது. அன்றைக்கு ஜூலை இருபத்திரண்டு. ஆர்டர் கைக்கு வந்தே இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

முதலாளி வெங்கடபதி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையைக் கிட்டத்தில் பார்த்தார். பிறகு கண்ணாடியை இறக்கிவிட்டு எட்ட நின்று பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் ஜூன் முப்பதுதான்.

"ஜூன் முப்பதாந்தேதி நான் திருப்பதி க்யூவுல நின்னுட்டிருந்தேன் அம்மணி," என்றார். "அங்கிருந்தே போன் பண்ணி ஆரம்பிக்கச் சொல்லியிருக்கணுமாமா?"

சண்முகப்பிரியாவின் முகம் செத்துப்போயிற்று. ஆவாரம்பாளையத்தில் இருந்த அந்த பம்ப் கம்பெனிக்கு இந்த சாப்ட்வேரை வாங்கவைக்க அவள் ஒரு வருஷம் மல்லுக்கட்டியிருந்தாள். வெங்கடபதி அதை 'பெட்டி' என்றுதான் சொல்வார். பெட்டி வருவதற்கு முன்னால் அவளுடைய உத்தியோகம் பேருக்குத்தான் பிளானிங். உண்மையில் காலை முதல் மாலை வரை இரண்டு போன்களை வைத்துக்கொண்டு, "ஏனுங்க, கெளம்பிருச்சுங்களா? எங்கீங்க வந்துட்டிருக்குது?" என்று ஊரெல்லாம் கெஞ்சுவதுதான் வேலை. தூக்கத்தில்கூட அப்படிக் கேட்பதாக அவள் புருஷன் அருண்குமார் சொல்வான். அந்தப் போன்களை ஓரங்கட்டி, ஒரு திட்டம் போட்டு, அந்தத் திட்டப்படி வேலை நடப்பதைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்பது அவளுக்கு வெறியாகவே ஆகியிருந்தது.

"இதா பாரு அம்மணி," என்றார் வெங்கடபதி. "கோபியில நஞ்சுண்டன் ஷோரூம் தொறக்கறது ஆவணி முகூர்த்தத்துல. முந்நூறு பம்பையும் கொண்டுபோய் அடுக்கோணும். அதுக்குள்ள பெட்டி சொல்ற தேதியில லாரி கெளம்புச்சுன்னா, பெட்டி இருக்கட்டும். இல்லைன்னா இதை மூடிப்போட்டு நீ பழையபடி போனை எடுத்துக்க."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கோபத்தில் சொல்வதை மத்தியானத்துக்குள் மறந்துவிடுகிற மனுஷர், சிரித்துக்கொண்டே சொல்வதை மறக்கவே மாட்டார்.

பெட்டியின் மேல் தப்பில்லை என்று பிரியாவுக்குத் தெரியும். அது செய்வது ரொம்பச் சாதாரணக் கணக்கு. சரக்கு போகவேண்டிய தேதியை எடுத்துக்கொண்டு அங்கிருந்து பின்னால் நடக்கும். டெஸ்டிங்குக்கு இத்தனை நாள், பாகங்களைப் பூட்டுவதற்கு இத்தனை நாள், லேத்தில் கடைவதற்கு இத்தனை நாள், பவுண்டரியிலிருந்து இரும்பு வார்ப்பு வர இத்தனை நாள் என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போய், எங்கே நிற்கிறதோ அந்தத் தேதியைச் சொல்லும். சொன்ன நாளிலிருந்து சாமான் கைக்கு வருகிற வரைக்கும் ஆகிற அந்த இடைவெளிக்கு லீட் டைம் என்று பேர். அதை அவரவரிடம் போன் போட்டு, மரியாதையாகக் கேட்டு, அவரவர் வாயால் சொன்னதைத்தான் பிரியா உள்ளே ஏற்றியிருந்தாள். வார்ப்புக்கு இருபது நாள், மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற வைண்டிங்குக்கு எட்டு நாள் என்று ஒன்றையும் அவளாகப் போடவில்லை.

அப்படியானால் இத்தனை வருஷமாக இந்தக் கம்பெனி எப்படித்தான் பம்ப் அனுப்பிக்கொண்டிருந்தது? இந்தக் கேள்வியோடு அவள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அரசூருக்குப் போனாள்.

அங்கேதான் காளிச்சாமியின் பவுண்டரி. வெங்கடபதிக்கு வார்ப்பு முழுக்க அவரிடமிருந்துதான் வரும். கருப்பு மண் படிந்த சட்டையோடு வெளியே வந்தவர், அவளைப் பார்த்ததும் காபிக்குச் சொல்லி அனுப்பினார். கொங்கு நாட்டில் எந்தத் தகராறும் காபிக்குப் பிறகுதான்.

"ஏனுங்ணா, காஸ்டிங்குக்கு இருபது நாள்னு சொன்னீங்கல்ல. போன மாசம் நீங்க குடுத்த தேதியெல்லாம் எடுத்துப் பாத்தேனுங்க. எல்லாமே பத்து நாள்ல வந்திருக்குதுங்க."

"ஆமா கண்ணு. பத்து நாள்தான் ஆகும்."

"அப்பறம் எதுக்குங்ணா இருபதுன்னு சொன்னீங்க?"

காளிச்சாமி அவளைப் பாவமாகப் பார்த்தார். இதுகூடத் தெரியாத பிள்ளையா என்கிற பார்வை அது.

"நான் இருபதுன்னு சொன்னா உங்க மொதலாளி பத்துல குடுங்கம்பாரு. சரிங்ணாம்பேன். பத்துல குடுப்பேன். அவருக்கும் சந்தோசம், எனக்கும் சந்தோசம். நான் பத்துன்னு சொன்னா அவரு அஞ்சும்பாரு. அதுக்கும் சரிங்ணான்னுதான் சொல்லோணும், பெரிய மனுசன்கிட்ட முடியாதுன்னு எப்படிச் சொல்றது? ஆனா அஞ்சு நாள்ல எங்கீங்க குடுக்கறது? மண்ணு காயோணும், இரும்பு ஆறோணும். அதுக்கெல்லாம் உங்க மொதலாளியத் தெரியாதே."

பிரியாவுக்குப் பொறிதட்டியது. வெங்கடபதி எதையும் பாதியாக்குவார். அது அவர் சுபாவம். டாக்டர் ஒரு மணி நேரம் நடக்கச் சொன்னால் அரைமணி நடப்பார். கல்யாணத்துக்குக் கிளம்ப எவ்வளவு நேரம் ஆகும் என்று மனைவி லட்சுமியம்மாளைக் கேட்பார். ஒரு மணி நேரம் என்பார் அந்த அம்மாள். "அரைமணியில கெளம்பு" என்பார் இவர். அந்த அம்மாளும் அரைமணியில் பட்டுச்சேலையோடு வந்து நிற்பார். தன் அதட்டலுக்குக் கிடைத்த வெற்றி என்று வெங்கடபதி மீசையைத் தடவிக்கொள்வார். முப்பது வருஷமாக எல்லாரும் இரட்டிப்பாகச் சொல்ல, அவர் பாதியாக்க, வண்டி ஒரு குறையுமில்லாமல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. பாவம், பெட்டிக்குத்தான் பாதியாக்கத் தெரியவில்லை. சொன்னதை அப்படியே நம்பிவிட்டது.

சிரிப்பு வந்தது. கூடவே ஒரு நினைப்பும் வந்து சிரிப்பைப் பாதியில் நிறுத்தியது. சாப்ட்வேரைப் படித்துக்கொள்ள எத்தனை நாள் வேண்டும் என்று வெங்கடபதி கேட்டபோது, அவளும் ரெண்டு மாசம் என்றுதான் சொல்லியிருந்தாள். அவர் ஒரு மாசம் என்றார். அவளுக்கு வேண்டியிருந்ததும் ஒரு மாசம்தான்.

"அண்ணா, நெசமான நாளையே போட்டுக்கறேனுங்க. பத்துன்னு."

"போட்டுக்கலாம். அவரு பார்த்துப்போட்டு அஞ்சும்பாரே?"

"சொல்லமாட்டாருங்க. அதுக்கு நான் பொறுப்பு."

காளிச்சாமி அரை மனசோடு தலையை ஆட்டினார்.

திரும்பி வந்ததும் வைண்டிங் செக்‌ஷனுக்குப் போனாள். அங்கே சூப்பர்வைசர் சாஜிதா பேகம். செம்புக் கம்பியைப் பார்த்தே அதன் கனம் எத்தனை கேஜ் என்று சொல்லிவிடுகிற அம்மாள், வாயும் அதே அளவுக்குக் கூர்.

"எட்டுன்னு சொன்னா நாலு ஆகும் பிரியா. நாலுன்னு சொன்னா ரெண்டு ஆகும். ரெண்டு நாள்ல முந்நூறு மோட்டாருக்கும் சுத்தறதுக்கு நான் என்ன பம்பரமா?"

"இந்த ஒருதடவை நெசத்தைச் சொல்லுங்கக்கா. அவர் பாதியாக்கமாட்டார்."

"சொல்றேன். ஆனா பாதியாக்கினார்னு வெச்சுக்க, கம்பியை உன் கையில குடுத்துட்டு நான் ஊட்டுக்குப் போயிருவேன்."

இப்படி ஒவ்வொருத்தரிடமும் கெஞ்சி, சத்தியம் பண்ணி, உண்மையான நாட்களைப் பிடுங்கிக்கொண்டு வந்து சேர ஒரு வாரம் ஓடிப்போயிற்று. எல்லாவற்றையும் உள்ளே ஏற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். திறந்து பார்த்தால், நாளைக்கே ஆரம்பிக்கலாம் என்றது பெட்டி. லாரி ஆகஸ்ட் முப்பத்தொன்று. டெஸ்டிங் முடிந்ததற்கும் லாரி கிளம்புவதற்கும் நடுவே மூன்று நாள் மிச்சம்கூட இருந்தது. அந்த மூன்று நாளை அவள் கைக்குழந்தையைப் பார்க்கிறது போலப் பார்த்தாள்.

முதலாளியின் திரைக்கு மட்டும் ஒரு சின்ன தந்திரம் செய்தாள். அங்கே எத்தனை நாள் என்கிற கட்டத்தையே எடுத்துவிட்டாள். வெறும் தேதிகள் மட்டும் தெரியும். நாளைப் பாதியாக்கலாம், தேதியை எப்படிப் பாதியாக்குவார்?

வெங்கடபதி பார்த்தார். "பரவாயில்லையே, பெட்டிக்குப் புத்தி வந்திருச்சு," என்று சந்தோஷமாகத் தன் அறைக்குப் போனார். பிரியா அன்றைக்கு மத்தியானம் தயிர்சாதத்தை நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

நிம்மதி மூன்று மணி வரைக்கும்தான் தாங்கியது. போன் அடித்தது. காளிச்சாமி.

"ஏங்கண்ணு, நீயுமா?"

"என்னாச்சுங்ணா?"

"உங்க மொதலாளி கூப்பிட்டாரு. அஞ்சு நாள்ல காஸ்டிங் வேணும்னாரு. சரிங்ணான்னு சொல்லிப்போட்டேன். நீ பொறுப்புன்னு சொன்னியேன்னுதான் பத்துன்னு நெசத்தைச் சொன்னேன். இனிமே உன்ற பெட்டிக்கு நான் நாப்பதுன்னுதான் சொல்லுவேன்."

வெங்கடபதி தன் அறையில் உட்கார்ந்து, வார்ப்புக்கு ஆர்டர் போகிற தேதிக்கும் வந்து சேர்கிற தேதிக்கும் நடுவே விரல்விட்டு எண்ணியிருக்கிறார். பத்து என்று வந்தது. பிறகு கை தானாகப் போனுக்குப் போய்விட்டது.

பிரியாவுக்கு அழுகையே வந்துவிட்டது. இன்னும் ஒரு மணி நேரத்தில் வைண்டிங்குக்கும் போன் போகும். சாஜிதா பேகம் கம்பியைக் கொண்டுவந்து இவள் மேஜையில் வைப்பார். ஒவ்வொருத்தராகப் பழையபடி இரட்டிப்புக்குப் போவார்கள். பெட்டி மறுபடியும் ஜூன் மாதத்தைக் காட்டும். போன் இரண்டும் மேஜைக்கு வந்துவிடும்.

ஒரே வழி, முதலாளியிடம் உண்மையைச் சொல்வதுதான். ஆனால் என்னவென்று சொல்வது? "சார், முப்பது வருஷமா எல்லாரும் உங்ககிட்ட பொய் சொல்லிட்டிருக்கோமுங்க" என்றா? அந்த வாக்கியத்தை மனசுக்குள் நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தாள். எத்தனை 'ங்க' போட்டாலும் அது மரியாதையாக வரவில்லை.

அப்படி யோசித்துக்கொண்டே திரையைப் பார்த்தவளுக்குத் தலையில் இடி இறங்கியது. அவள் பொத்திவைத்திருந்த அந்த மூன்று நாள் மிச்சமே இல்லை. டெஸ்டிங் முடிந்த ஒவ்வொரு பம்பையும் வெங்கடபதி ஓடவிட்டு, ஸ்குரூடிரைவரின் முனையை மோட்டார்மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துச் சத்தம் கேட்பார். அவர் கேட்டு, சாக்பீஸால் ஒரு கோடு போட்டால்தான் பம்ப் வெளியே போகும். கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து வழக்கம். எல்லாரிடமும் லீட் டைம் கேட்டவள், முதலாளியிடம் கேட்க மறந்துவிட்டாள். மறந்தாள் என்பதைவிட, முதலாளியிடம் போய் உங்களுக்கு எத்தனை நாள் ஆகும் என்று கேட்கலாம் என்பதே அந்தக் கட்டிடத்தில் யாருக்கும் தோன்றியதில்லை.

எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள்.

"சார், பெட்டியில ஒண்ணு மட்டும் போடாம உட்டுட்டேனுங்க. நீங்க சத்தம் கேக்கறதுக்கு எத்தனை நாளுங்க ஆகும்?"

வெங்கடபதி நிமிர்ந்து உட்கார்ந்தார். தன் வேலைக்கும் பெட்டியில் இடம் உண்டு என்பது அவருக்குப் பெருமையாக இருந்தது.

"முந்நூறு பம்பு. ஒவ்வொண்ணும் பொறுமையாக் கேக்கோணும். ஒரு ஆறு நாள் போட்டுக்க."

முதலாளி சொன்ன நாளை அதுவரை யாரும் குறைத்ததில்லை. ஆனாலும் பிரியா சொல்லிவிட்டாள்.

"மூணு நாள்னு போட்டுக்கறேனுங்க."

"சரி, போட்டுக்க," என்றார் வெங்கடபதி, பட்டென்று.

சொல்லிவிட்டுப் பேனாவை எடுக்கப் போனவர் பாதியில் நிறுத்தினார். அவர் முகத்தில் என்னமோ ஓடியது.

"நான் எதுக்கு உடனே சரின்னேன்?"

"உங்களுக்கு மூணு நாள்தானுங்க ஆகும்."

"அப்பறம் நான் எதுக்கு ஆறுன்னேன்?"

"நான் கொறைப்பேன்னு நெனச்சீங்களாட்ட இருக்குதுங்க."

வெங்கடபதி அவளையே பார்த்தார். பிறகு போனைப் பார்த்தார். குரல் இறங்கிப் போயிருந்தது.

"காளிச்சாமியும் இப்படித்தானா?"

"ஆமாங்க."

"வைண்டிங்குல?"

"அங்கேயும்தானுங்க."

"நீயி?"

"நானுந்தானுங்க சார்."

"அப்ப முப்பது வருஷமா நான் ஒருத்தன்கிட்டயும் வேலையை விரட்டி வாங்கல. அவனவன் செய்யறதைத்தான் செஞ்சிருக்கான்," என்றார். "நான்தான் நெம்பக் கெட்டிக்காரன்னு நெனச்சிட்டுத் திரிஞ்சிருக்கறேன். ஊருக்கே தெரிஞ்சிருக்குது. எனக்கு மட்டுந்தான் தெரியல."

பிரியாவுக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்தப் பெரிய உடம்பு நாற்காலிக்குள் சின்னதாகிப்போனதைப் பார்க்க முடியவில்லை. "உங்க மேல மரியாதையாலதானுங்க சார்," என்றாள். அது உண்மைதான் என்றாலும், சொல்லும்போது பொய் போலத்தான் ஒலித்தது.

வெங்கடபதி போனை எடுத்துக் காளிச்சாமியைக் கூப்பிட்டார். மறுமுனையில் எடுத்ததும் எடுக்காததுமாக, "அஞ்சு நாள்ல முடிச்சுப்போடலாமுங்ணா," என்று குரல் வந்தது.

"வேண்டாம் காளிச்சாமி. பத்து நாளே எடுத்துக்குங்க."

பவுண்டரியின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"ஏனுங்ணா, எதாச்சும் தப்பாயிப்போச்சுங்களா?" காளிச்சாமி பயந்துபோய்க் கேட்டார். "ஆர்டரை வேற பக்கம் குடுத்துப்போட்டீங்களா? வேணும்னா நாலு நாள்ல..."

"பத்து நாள்னா பத்து நாள்," என்று சொல்லிப் போனை வைத்தார் வெங்கடபதி. வியர்த்திருந்தது. ஒரு கணக்கைப் பாதியாக்காமல் முழுசாக விடுவது அவருக்கு மூட்டை தூக்குகிற வேலையாக இருந்திருக்கிறது.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் கம்பெனியில் அதிகமாகக் கஷ்டப்பட்டவர் அவர்தான். காலையில் வந்து வாசல் கேட்டுக்கும் லேத் ஷெட்டுக்கும் நடுவே நடப்பார். கை போனுக்குப் போகும், திரும்பி வந்துவிடும். வார்ப்பு பத்தாம் நாள் மத்தியானம் வந்து இறங்கியது. வைண்டிங் சொன்னபடி நாலு நாளில் முடிந்தது. லேத்தில் வேலை ஓடிக்கொண்டிருந்தபோது ஒருநாள் முழுக்கக் கரண்ட் இல்லை. பிரியா ஞாயிற்றுக்கிழமை ஷிப்டு போட்டு அதை ஈடுகட்டினாள். ஒருவழியாக, பெட்டி சொன்ன தேதியிலேயே முந்நூறு பம்பும் டெஸ்டிங் அறையில் சோதனை முடிந்து நின்றன. இனி முதலாளியின் காதுதான் பாக்கி. மூன்றே நாள்.

அந்த மூன்று நாளும் பிரியாவுக்குச் சோறு இறங்கவில்லை. மற்றவர்களை நச்சரித்து வேலை வாங்கலாம். முதலாளியை யார் போய்க் கேட்பது? முதல் நாள் உள்ளேயிருந்து மோட்டார் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் காலையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. லாரி டிரைவர் ஷேக் பரீத் வந்து, "ஏத்தலாங்களா மேடம்?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். பெரியவருக்குக் காது அடைத்துவிட்டதோ, ஏதோ பம்ப் சரியில்லை என்று மனசு ஒடிந்து உட்கார்ந்துவிட்டாரோ என்று என்னென்னமோ நினைத்துப் பதறிக்கொண்டு, அதற்குமேல் பொறுக்கமுடியாமல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

வெங்கடபதி ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். முந்நூறு பம்பும் வரிசையாக நின்றன. கடைசி பம்ப் வரைக்கும் எல்லாவற்றின் மேலும் சாக்பீஸ் கோடு.

"முடிஞ்சுதுங்களா சார்?"

"ம்."

"எப்பங்க முடிஞ்சுது?"

டீயை ஒரு வாய் உறிஞ்சினார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நேத்துச் சாயங்காலமே முடிஞ்சுபோச்சு அம்மணி."

பிரியாவுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. இரண்டு வேளை சோற்றை அப்படியே திருப்பி வைத்திருந்தாள். ராத்திரி தூக்கமில்லை. "அப்பறம் ஏனுங்க சார் வெளியில சொல்லல?" என்று கேட்டபோது குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

வெங்கடபதி தம்ளரைக் கீழே வைத்தார். ஸ்கூலில் மாட்டிக்கொண்ட பையன் முழிப்பது போல முழித்தார்.

"ரெண்டு நாள்ல முடிச்சேன்னு தெரிஞ்சா, அடுத்த தடவை நீ பெட்டியில ரெண்டுன்னு போட்டுருவே," என்றார். "அதுல ஒரு நாள் எனக்கு ஒடம்புக்கு ஆகாம போச்சுன்னா?"

அவள் கோபம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. சிரிப்பு வந்தது. அதை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவரும் சிரித்துவிட்டார். காளிச்சாமியின் பத்துக்குள்ளேயும் இப்படி ஒன்றிரண்டு நாள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கும் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. போய்க் கேட்கக் கூடாது என்று அங்கேயே முடிவுசெய்தாள்.

"மூணுன்னே இருக்கட்டுங்க சார். நான் மாத்தமாட்டேன்."

"நெசமா?"

"நெசமாத்தானுங்க."

அவர் அவளைக் கொஞ்ச நேரம் நம்பாமல் பார்த்தார். முப்பது வருஷமாக மற்றவர்கள் தன்னை எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார்களோ அதே பார்வை. பிறகு எழுந்து, கதவைத் திறந்து, லாரியில் ஏற்றச் சொல்லி ஷேக் பரீதைக் கூப்பிட்டார்.